நாலு மணி ஜிலாபி

“சூடாறமுந்திச் சாப்பிடுங்கோ.”

மரியநாயகி தட்டை நீட்டினாள். லா சப்பல் கடைத்தெருவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் குகதாசன், கையில் இருந்த வேலையை அப்படியே கீழே வைத்தார்.

பக்கத்தில் இருப்பது வங்காளதேசத்து ரஃபீக்கின் இனிப்புக் கடை. அங்கே கல்லாவில் நிற்பவள்தான் மரியநாயகி. ரமழான் பிறந்தால் ரஃபீக் ஜிலாபி சுடத் தொடங்கிவிடுவார். மாவைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, பொரித்து, சீனிப்பாகில் முக்கியெடுப்பார். நோன்பு திறக்க வாங்கிப்போக ஐந்து மணிக்கே வரிசை நிற்கும். ஆனால் நாலு மணிக்கு இறங்கும் முதல் ஜிலாபி குகதாசனுக்குத்தான். இன்றோடு பன்னிரண்டு நாள்.

சும்மா வைத்துவிட்டும் போகமாட்டாள். அவர் கடித்து விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மனைவி போய்ச்சேர்ந்து ஏழு வருடமாகிறது, அதற்குப் பிறகு அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை பாகு சொத்தைப்பல்லில் பட்டு அவர் முகம் சுளித்தபோது, பாவம், பதறிப்போய் ஓடியே விட்டாள். என்ன கரிசனை!

இன்னொன்றும் இருந்தது. தெருவே அவரை ‘அண்ணை’ என்கிறது. இவள் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி, இவர் சைவம். இந்த வயதில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இன்று மனதில் உள்ளதைச் சொல்லியே விடுவது என்று காலையில் தலைக்கு டை கூட அடித்தாயிற்று.

கடைசித் துண்டை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

“நீரும் ஒரு துண்டு சாப்பிடலாமே, மரியநாயகி?”

“ஐயோ, எனக்குத் தவக்காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இனிப்பு வாயிலை வைக்கமாட்டன்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் நாள் தவறாமல் கொண்டு வாறீர்? கூச்சப்படாமல் சொல்லும்.”

வாசலில் ரஃபீக் எட்டிப் பார்த்தார். மரியநாயகி அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

“அவருக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம், பாகு சரியோ எண்டு பாக்க ஒரு வாய் வேணுமே! நேரை கேட்டால், மனம் நோகக்கூடாதெண்டு நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவியள், அதுதான் முகத்தைப் பாக்கிறனான். செவ்வாய்க்கிழமை நீங்கள் முகம் சுளிச்சதுக்கு மனுசன் ஒரு தாச்சிப் பாகையே கொட்டிப்போட்டார், அண்ணை.”