முன் இருக்கைக்கு அறுபது கிலோ

எடை மேடையில் அவர் ஏறி நின்றார். ஒரு கை கால்சட்டையை நழுவாமல் பிடித்திருந்தது.

அறுபது.

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நாலு மாதமாகக் கஞ்சிகூட ஒழுங்காக இறங்காத மனிதர், அறுபது கிலோவாம்!

"பாத்தியா?" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

ஷெட்டுக்கு வெளியே விமானம் நின்றது. ஆறு வருடம் அவர் தன் கையாலேயே செய்தது. உடம்பு என்று ஒன்று கிடையாது அதற்கு. அலுமினியக் குழாய்கள், இறக்கை, முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் எஞ்சினும் காற்றாடியும். உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும்.

இறக்கைத் துணியைத் தைத்தவள் அவள். அவர் சொல்லிக்கொடுத்து, பின் இருக்கையிலிருந்து ஓட்டவும் பழகியிருந்தாள்.

குழாயில் அவரே பெயிண்டால் எழுதிய விதிகள் இரண்டு. முன் இருக்கையில் அறுபது கிலோவுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஏறும் முன் பையெல்லாம் காலி செய்ய வேண்டும், தவறி விழுகிற சாவி நேரே காற்றாடிக்குத்தான் போகும்.

முதன்முதலாக அவளை முன்னால் உட்கார வைத்த அன்று அவள் எடை ஐம்பத்து நாலு. மீதி ஆறு கிலோவுக்கு மணல் மூட்டை கட்டினார். பொண்டாட்டிக்குச் சோறு போடுவதில்லை என்று ஊரே பேசப்போகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்று சிரிக்க முடிந்தது.

"ஏனுங்க, பையைக் காலி பண்ணுங்க."

அவர் கால்சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நீங்க எழுதுனதுதானுங்க."

ஒரு ஸ்பேனர் வந்தது. இன்னொன்று. பிறகு நாலைந்து இரும்புத் துண்டுகள், கை நிறைய நட்டுகள். கடைசியாக, சட்டைக்குள் இடுப்பைச் சுற்றியிருந்த சங்கிலி.

ஒவ்வொன்றுக்கும் முள் இறங்கியது.

நாற்பத்தேழு.

அவர் தரையைப் பார்த்தார். "ஒரே ஒரு வாட்டி, புள்ள. மேல போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை. அந்த முள்ளின்மேல்தான்.

உள்ளே போய் ஒரு மூட்டையை எடுத்து வந்தாள். மிச்சமிருந்த இறக்கைத் துணியில் தைத்தது. பதின்மூன்று கிலோ மணல். நேற்றுக் காலை குளிப்பாட்டித் தூக்கியபோதே அவர் எடை அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

முன் இருக்கைக்கு அடியில் வைத்து இறுக்கிக் கட்டினாள். அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

அவர் குனிந்து தையலைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"அடுத்த வாட்டிக்கு இன்னுங் கொஞ்சம் பெருசாத் தைச்சுக்க."

"கம்முனு உக்காருங்க."

பின்னால் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள்.

ஓடுதளம் கீழே போனது. பருத்திக்காடு, கிணறு, தென்னைகளின் தலைகள். அவருடைய வெறுங்கால்கள் அதற்கெல்லாம் மேலே ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு கைகளையும் விரித்தார். ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அழுததும் அவருக்குக் கேட்டிருக்காது.

மூன்று சுற்று என்றுதான் பேச்சு. அவள் நாலாவதற்குத் திருப்பினாள்.

ஷெட்டில், தையல் மிஷினுக்கு அடியில், இன்னும் இரண்டு மணல் பைகள் இருந்தன. பதினாறு கிலோவுக்கு ஒன்று. இருபதுக்கு ஒன்று.

அதற்கு மேல் தைக்க அவளுக்குக் கை வரவில்லை.