இங்கே தொடவும்

அந்த உணவகத்தில் ஆட்களே கிடையாது. மேசைதான் மெனுவை வாசிக்கும். பார்வையற்ற சலோமி, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத தன் மகன் ஆன்டோவுடன் உட்கார்ந்திருந்தாள். வேர்க்கடலை துளி பட்டாலே அவனுக்குத் தொண்டை வீங்கிவிடும்.

"இட்லி. இங்கே தொடவும். இங்கே தொடவும்" என்றது மேசை.

"எதைத் தொட்டா என்னென்ன சேர்த்திருக்குன்னு சொல்லுவ?"

"இங்கே தொடவும்."

ஒரே பெயர் சொன்ன இரண்டு பொத்தான்களில், விவரம் வரும் என்று நம்பி ஒன்றைத் தொட்டாள். தட்டுதான் வந்தது.

"கை வைக்காத ஆன்டோ. அம்மா முதல்ல ருசி பாக்குறேன்."

சட்னியை நாக்கில் வைத்தாள். வேர்க்கடலை! தட்டைத் தள்ளிவிட்டு அவன் கையைத் துழாவிப் பிடித்தாள். விரல்கள் பிசுபிசுத்தன.

"நீ இன்னும் சாப்பிடலதானே?"

"பசிச்சுதும்மா" என்றான். அதற்குள் அவன் குரல் கம்மியிருந்தது.