டேங்குக்கு அடியில் ஒரு சுவிட்ச்

“இன்னைக்கு அந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வண்டிய உதச்சு உதச்சு முழங்கால் கழண்டுக்கும், பாருங்க மாமா” என்று மெக்கானிக் மாமனாரின் காதோரம் சொன்னான்.

மாமனார் சிரிக்கவில்லை. வாகனப் பதிவு அலுவலகத்தின் மதிலோரம் நின்றபடி, வெயிலில் பளபளத்த மோட்டார் சைக்கிளை முறைத்துக்கொண்டிருந்தார். “சட்டுபுட்டுனு முடிச்சுத் தொலைங்க. எனக்கு வேல கெடக்கு.”

அவர் எப்போதுதான் சிரித்தார்? கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் நகக்கண்ணில் கிரீஸைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர். போன மழைக்கு அவருடைய வைக்கோல் கொட்டகை சரிந்தபோது, அடியில் துருவேறிக் கிடந்த இந்த வண்டியை மெக்கானிக்தான் இழுத்து வெளியே போட்டான். “பழைய இரும்புக்குப் போடுங்க. உங்க மூஞ்சிக்கு இது ஓடவா போகுது” என்றார் மாமனார். அந்த ஒரு சொல்லுக்காகவே, ஓட்டிக் காட்டுவது என்று அவன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான்.

வண்டி ஓடியது. ஆர்.சி. புக்குதான் இல்லை. அலுவலகத்தின் பழைய பதிவுகளெல்லாம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டனவாம். கொட்டகைக்காரர் நேரில் வந்து, யாரோ விட்டுப்போன வண்டி என்று சொன்னால்தான் அது மெக்கானிக்கின் பேருக்கு வரும். மாமனார் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். “வரலேன்னா இனிமே உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று மகள் கத்திய பிறகுதான் கிளம்பினார். இன்றைக்கும் பதிவு கிடைக்காவிட்டால், ஒரு வருஷ உழைப்பு பழைய இரும்புக்குத்தான் போகும். மாமனார் வாக்குப் பலித்துவிடும்.

வண்டியைச் சோதிக்க வந்த ஆய்வாளர் அம்மாவும் வந்ததிலிருந்து எரிந்து விழுந்துகொண்டே இருந்தார்.

“யாரக் கேட்டு கலர மாத்துன?”

“துரு தின்னுருந்துச்சு மேடம்.”

“முன்னாடி என்ன கலரு?”

“மெரூன்.”

“பெரிய ரசனக்காரன். கருப்ப அப்பி வச்சிருக்க.” கண்ணாடியைப் பிடித்து ஆட்டினார். ஹாரனை அழுத்தினார். “ஆடு கத்துற மாதிரி இருக்கு. இத ரோட்டுல விட்டா எவ தாலிய அறுக்குமோ.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. “மேடம் வண்டிய ஓட்டிப் பழகுனவங்களா, இல்ல பரீட்சைக்குப் படிச்சவங்களா?”

“ஏன், நீ டியூஷன் எடுக்கப் போறியா?”

“நமக்கெதுக்கு மேடம் அதெல்லாம். நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க.” சாவியை நீட்டினான்.

அங்கேதான் அவன் பொறி வைத்திருந்தான். டேங்குக்கு அடியில், ஹேண்டில்பார் கழுத்தை ஒட்டி ஒரு கள்ள சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டாமல் விடிய விடிய உதைத்தாலும் வண்டி இருமக்கூட இருமாது. வயர் வயராகப் பிரித்து மேய்ந்த பிறகே அது அவன் கண்ணில் பட்டது. ஓட்டுகிறவன் டேங்கின்மேல் கவிழ்ந்து படுத்தால்தான் கை எட்டும். எந்த மடையன் இதை இவ்வளவு முன்னால் கொண்டுபோய் வைத்தான் என்று வைதபடியே, மாற்றாமல் விட்டிருந்தான்.

அந்தம்மா சாவியைத் திருகி, உதைகட்டையில் காலை வைத்தார். மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவருடைய இடது கை டேங்குக்கு அடியில் நுழைந்தது. குனிந்து பார்க்கவில்லை, துழாவவும் இல்லை. டக்கென்று ஒரு சத்தம். ஒரே உதை. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. மாமனார் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். “நான் காட்டுன சுவிட்ச நீங்கதான போட்டுக் குடுத்தீங்க? கூடவே வந்து குழி பறிச்சிட்டீங்களே மாமா.”

மாமனார் கேட்டை நோக்கி ஓரடி பின்வாங்கினார். உதடு வெளுத்திருந்தது.

அந்தம்மா டேங்கின்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதே சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

“கொட்டக யாருது?”

“இவருதுதான் மேடம். என் மாமனாரு.”

“எந்தப் பக்கம்?”

“செங்கச் சூளைக்குப் போற ரோட்டுல.”

“வாட்ச்மேன்,” அந்தம்மா குரலை உயர்த்தவில்லை, “கேட்டச் சாத்து.”

மெக்கானிக் பதறிப்போனான். “எதுக்கு மேடம் கேட்ட...? கள்ள சுவிட்ச் வச்சது தப்புன்னா, சத்தியமா அது நான் வச்சதில்ல.”

“தெரியும். எங்கப்பா வச்சது. முன்னாடி டேங்கு மேல என்னத்தான் உக்கார வைப்பாரு. என் கைக்கு எட்டுற எடமாப் பாத்து வச்சாரு.”

மாமனாரின் கை அதற்குள் கேட் கம்பியில் இருந்தது. வாட்ச்மேன் மறுபக்கம் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். அந்தம்மா நிதானமாக நடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

“கடைசியா அவரு சூளைக்குக் கெளம்புனப்பவும் நான்தான் சுவிட்சத் தட்டி விட்டேன். வண்டி கெடச்சிருச்சு. எங்கப்பா எங்க?”