மாமனாரின் பல்செட்

பெல்ட்டின் மேல் அவளுடைய தெரு வந்துகொண்டிருந்தது.

சந்தேகமே இல்லை. பூனைக்காரர் வீட்டு மீன் டப்பாக்கள், முனை வீட்டுக்குப் புதிதாக வந்த பிரிட்ஜின் அட்டைப்பெட்டி, யார் வீட்டுப் பிள்ளையோ கிறுக்கித் தள்ளிய தாள்கள். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரியின் பால் பாட்டில்கள்கூட அவளைத் தேடி வந்தன.

அவள் கையுறைகளை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமனாரின் பல்செட் கிடைக்காமல் இன்று இந்த இடத்தை விட்டு நகர்வதாக இல்லை.

வீடுகளிலிருந்து அள்ளி வரும் காகிதம், பிளாஸ்டிக், தகரம் எல்லாம் இந்தக் கொட்டகையில்தான் பிரியும். மேலே தொங்கும் பெரிய காந்தம் தகரத்தை மட்டும் தூக்கிப் பக்கத்துப் பெல்ட்டில் போடும். மீதியை ஆட்கள் கையால் பிரிப்பார்கள். அவள் காகிதத்துக்கு நிற்பவள்.

பல்செட் வருவது இங்கே அதிசயமில்லை. சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்பார்கள். மேசையைத் துடைப்பவர்கள் அதையும் சேர்த்துக் காகிதக் கூடையில் தட்டிவிடுவார்கள். கேட்டு யாரும் வராத பல்செட்டுகள் சூப்பர்வைசர் அறை ஜன்னலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கின்றன.

மாமனார் சொன்னதும் அதே கதைதான். வெறும் ஈறோடு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"டிஷ்யூல சுத்தி மேசை மேலதாம்மா வெச்சேன்."

ஆகவே கசங்கிய டிஷ்யூ ஒன்றையும் அவள் விடவில்லை. எடுத்தாள், அழுத்தினாள், போட்டாள். மூக்குச் சிந்தியது, முகப்பூச்சு துடைத்தது என்று தெருவே அவள் கைக்குள் வந்து போயிற்று. அருவருப்பு பார்க்க நேரமில்லை.

நாளைக்குக் கணவனின் அண்ணன் வருகிறார், அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக. கெஞ்சியும் சண்டை போட்டும் வாங்கிய சம்மதம் அது. அண்ணன் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவரைப் பல்லோடு அனுப்ப வேண்டும், தனியாகக் குழைத்து மசித்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது.

பல் இல்லையென்றால் பயணமும் இல்லை.

மாமியார் போனதிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது இவள்தான். நல்ல மனிதர், வாய் திறந்து ஒன்று கேட்கமாட்டார். ஆனாலும் அலுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்காமல், விடிந்த பிறகும் புரண்டு படுக்க வேண்டும். சமையலறையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு அந்தச் சின்ன அறையைக் கொடுக்க வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சூப்பர்வைசர் லேசில் இறங்கிவருகிற ஆள் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், அந்தத் தெரு லாரி தீரும்வரை பெல்ட்டை மெதுவாக ஓடவிட்டார். பிளாஸ்டிக்குக்கு நிற்பவர்கள்கூடத் தங்கள் வேலைக்கு நடுவே டிஷ்யூ பொறுக்கி அவள் பக்கம் தள்ளினார்கள். அவளுக்காக அந்த வரிசையே பல் தேடியது.

லாரி தீரப்போகும் நேரத்தில் தகர அக்கா கையைத் தூக்கினாள். காந்தத்துக்கு அந்தப் பக்கம் டப்பாக்களைப் பிரிப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே கடகடவென்றது. கொண்டுவந்து நீட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நேற்று இவளே திறந்த அன்னாசி டப்பா. நசுங்கியிருந்த வாயை நெம்பித் திறந்தாள். உள்ளே பல்செட்.

கை தவறிப்போன பல், டப்பாவுக்குள் ஏறிப் படுத்து, மூடியையும் உள்ளே தள்ளி, வாயை நசுக்கிக்கொள்ளாது.

கோபம்தான் முதலில் வந்தது. பொய்! ஊரைக் கூட்டித் தேடவைத்த பச்சைப் பொய்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டுப் பாகு இல்லை. அலம்பித் துடைத்திருந்தது. வெட்டிய விளிம்பு வெளியே தெரியாதபடி வாய் ஒட்ட மடிந்திருந்தது. என்றைக்கோ ஒருநாள் தகரம் பிரிக்க நின்றுவிட்டு, விரலில் கட்டோடு வீட்டுக்குப் போய், டப்பாவை அப்படியே போட்டால் அங்கே என் கைதான் கிழிகிறது மாமா என்று அவள் புலம்பியிருந்தாள். வீட்டில் வேறு யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நடுங்கும் கை அவருக்கு. சட்டைப் பொத்தான் போடவே ஆள் வேண்டும். எவ்வளவு நேரம் சமையலறைத் தொட்டியருகே நின்றாரோ.

அவள் பல்செட்டை ஏப்ரன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். டப்பாவின் வாயைப் பழையபடி அழுத்தி மூடித் தகரப் பெல்ட்டில் வைத்தாள்.

சூப்பர்வைசர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, கிடைத்ததா என்று கையாலேயே கேட்டார்.

"இல்லண்ணே. பெல்ட்டை வேகமா விடுங்க."