சிவப்புக் காலுறை

சிவப்புக் காலுறை வழுக்கி விழுந்தது.

"உன் ஆளுதான்," என்றார் அப்பா.

அவள் குடையைத் தாழ்த்திக்கொண்டாள். கிளாஸ்கோவில் காலையிலிருந்து மழை. எதிரே கால்பந்து மைதானத்தில், இடைவேளை முடிந்து, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மறுபடி சேற்றில் உருண்டுகொண்டிருந்தன.

ஆட்டக்காரர்களின் முதுகில் எண் எழுதும் வழக்கம் அப்போது இல்லை. காலுறையின் நிறம்தான் அடையாளம். வாசலில் விற்ற சீட்டில் அதை அச்சடித்திருந்தார்கள். சிவப்பு, ஆர்ச்சி ரென்னி. நீலம், டன்கன் லேங்.

அப்பா தேவாலயத்தில் மூப்பர். சீட்டையும் வேதபுத்தகம்போலவே பிடித்திருந்தார்.

ஆர்ச்சி அவளைப் பெண் கேட்டு ஒரு மாதமாகிறது. பந்துக்குப் பின்னால் ஓடுகிறவனுக்கா என்று கேட்ட அப்பா, ஓடுவதையாவது பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றிருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்புக் காலுறை எழுந்தது. ஓங்கி உதைத்தது. பந்து அங்கேயே இருந்தது. பூட்ஸ் மட்டும் பறந்து இங்கிலாந்துக்காரர்களிடம் போனது.

"நல்லா உதைக்கிறான்," என்றார் அப்பா.

அவள் குடையை இன்னும் தாழ்த்தினாள்.

அப்போது நீலக் காலுறைக்குப் பந்து கிடைத்தது.

ஒருவனைத் தாண்டியது. இன்னொருவனைத் தாண்டியது. மூன்றாமவன் தானாகவே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கம்பங்களுக்கு மேலே கட்டியிருந்த நாடாவுக்குக் கீழே பந்து நுழைந்து போனது.

கூட்டம் லேங், லேங் என்று கத்தியது.

அப்பா எழுந்து நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இவன் ஆம்பளை," என்றார். "லேங்குக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவள் பார்த்தாள்.

முகம் முழுக்கச் சேறு. தாடியோ, மைதானத்தில் எல்லோருக்கும் ஒரே தாடி.

ஆனால் நீலக் காலுறை திரும்பி நடந்து வந்தபோது, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இங்கிலாந்தின் கம்பங்கள் தெரிந்தன. ஒரு பூனை அங்கே தாராளமாகப் போய்வரலாம்.

இடைவேளையில் நனைந்த காலுறைகளை ஒரே அடுப்பருகே உலர்த்தியிருப்பார்கள். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள்.

"அது லேங் இல்லப்பா. ஆர்ச்சி."

"சீட்டுல லேங்னு போட்டிருக்கு."

"காலுறை மாறிப்போச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?"

முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்புக் காலுறையைப் பின்னியது ஆர்ச்சியின் அக்கா என்றுதான் அப்பா நினைத்திருந்தார். அளவெடுக்க அவன் தேவாலய வேலிமேல் காலைத் தூக்கி வைத்ததும், அவள் கம்பளி நூலைச் சுற்றியதும் அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் அளப்பேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

மூடவில்லை.

"காலைப் பாத்து," என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். மைதானத்தை நெடுநேரம் பார்த்தார்.

"குதிரை வாங்குறப்பகூட நான் இவ்வளவு உத்துப் பாத்ததில்ல."

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தார்கள். கதவைத் திறக்கும்போதுதான் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை தேநீருக்கு வரச் சொல்லு. முழுக்கால் சட்டையில."

 

திங்கட்கிழமை பத்திரிகையில் அந்தக் கோல் டன்கன் லேங்கின் பெயரில் வந்திருந்தது.

அப்பா இரண்டு முறை படித்தார். எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆர்ச்சி வந்தான். தேய்த்த முழுக்கால் சட்டை. கணப்புக்கு முன்னால், தொப்பியை மார்போடு பிடித்து, குதிகால்களைச் சேர்த்து வைத்து, மரியாதையாக நின்றான்.

அப்பா மடியில் பத்திரிகையை வைத்துக்கொண்டு அவனை மேலிருந்து கீழே பார்த்தார்.



வீட்டுப் பூனை வந்தது. அவன் முன்னால் நின்றது. அண்ணாந்து பார்த்தது. ஒரே தாவலில் முழங்கால்களுக்கு நடுவே புகுந்து, ஒரு முடிகூட உரசாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

அப்பா பத்திரிகையை மடித்து நெருப்பில் போட்டார்.