பிரபாவதி பெயரில் ஒரு ஸ்டிக்கர்

விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கிறது. ஹேண்டில்பாரில் மாட்டிய செல்போனில், டிரைவர் அலெக்ஸ் ஆடும் கேமின் தங்கப்பெட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல், திறக்கப் பணம் கேட்டுக் குலுங்குகிறது. இறங்கிய பெண் அவன் சீட்டின் முதுகில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்கிறாள். "அண்ணா, பிரபாவதின்னு காட்டுது, சரியா?" அலெக்ஸ் திரும்பி ஸ்டிக்கரை உள்ளங்கையால் மூடுகிறான். "அது பேஜாரு பண்ணிக்கினு இருக்குதுங்க. என் நம்பருக்கே போட்டுடுங்க." நம்பரைச் சொல்லும்போதே மறு கையின் கட்டைவிரல் பெட்டியின் மேல் காத்திருக்கிறது. போன வாரம், "எங்கிட்ட காசு வந்தா ஆடிடுவேன், உன் பேருக்கே வரட்டும்" என்று மனைவியிடம் சொல்லி, ஓரம் பிரியாதபடி நகத்தால் தேய்த்துத் தேய்த்து அதை ஒட்டியவன் அவன்தான்.