அடிக் கண்ணாடி

"மணலே வேண்டாம்னா எப்படிங்க அம்மணி? மணல் இல்லாத கடல எங்கீங்க பாத்தீங்க?"

ஹாலில் விரித்திருந்த கம்பளி மேல் காலித் தொட்டி இருந்தது. அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான் சின்னராஜ்.

"எனக்கென்னங்கண்ணா தெரியும்? அடிக் கண்ணாடிய மறைக்கற மாதிரி எதும் போடக்கூடாதுன்னு அவரு கண்டிசனா சொல்லிப்போட்டாருங்க" என்றாள் தேவி. மூச்சு விடுவதற்குள், "ஆனா அது ஒடையக்கூடாதுங்க. ஒடையாதில்லீங்க?" என்றும் கேட்டாள். அவன் வந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் சின்னராஜ் என்ன செய்வான், பாவம்!

குன்னூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன் அவன். தங்கமீன் தொட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவான். பவளமும் பாறையுமாகக் கடல் தொட்டி வைப்பது இது இரண்டாவது தடவை. முதல் தொட்டியின் கதை ஊருக்கே தெரியும். போன வருஷம் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் வைத்தான். பாறை சரிந்து அடிக் கண்ணாடி விரிசல் விட்டு, அத்தனை உப்புத் தண்ணீரும் கம்பளத்தில் போயிற்று. அரவேணுவில் இந்த வீட்டுத் தொட்டியும் உடைந்தால், அப்புறம் மலையில் ஒருத்தனும் இவனை நம்பித் தொட்டி வாங்க மாட்டான்.

"பாறையோட முனையெல்லாம் கத்தியாட்டம் இருக்குமுங்க. வெறுங்கண்ணாடி மேல வெச்சா இன்னைக்கில்லாட்டி நாளைக்குக் கீறல் உழுந்துரும். கட்டம் கட்டமா பிளாஸ்டிக் வலைத்தட்டு இருக்குதுங்க. அத அடியில போட்டு, பாறைய வெச்சு, சுத்தி மணலைக் கொட்டுனா..."

"வலைத்தட்டும் வேண்டாம் அண்ணாச்சி!"

குரல் உள் அறையிலிருந்து வந்தது. தெற்கத்திக் குரல். தேவியின் கணவன் ஜெர்சன். சின்னராஜ் வந்து டீ குடித்து டம்ளரும் காய்ந்துவிட்டது, மனுஷன் இன்னும் வெளியே தலை காட்டவில்லை. இருந்த இடத்திலிருந்தே உத்தரவு. பெரிய எஸ்டேட் துரை என்று நினைப்பு போல என்று சின்னராஜுக்கு எரிச்சல் வந்தது.

"செரிங்க சார், வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டு போட்டுக்கலாமுங்களா?"

"அதுவும் மறைக்குமே."

"தொட்டிக்கு வெளிய, கீழ்ப்பக்கம் ஒரு தெர்மாகோலாச்சும் வேணுமுங்க."

"கீழயும் ஒண்ணும் வேண்டாம். பலகையும் வேண்டாம். நாலு ஓரமும் இரும்பு ஸ்டாண்டுல உக்காந்தா போதும். ஓரத்துக்கு மட்டும் ரப்பர் குடுத்துக்கிடுங்க."

சின்னராஜுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மீன் தொட்டியை முன்னால் நின்று பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அடியை எவன் பார்ப்பான்? ஒருவேளை அடியில் எதையாவது ஒளித்து வைக்கப் போகிறார்களோ? ஒளிக்கிறவன் மறைக்காதே என்பானா? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

"ஏனுங்க அம்மணி," குரலைத் தாழ்த்தினான். "வாஸ்து ஏதாச்சுமுங்களா?"

தேவிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் இல்லீங்கண்ணா. அவருக்குக் கடல்னா உசுரு. அந்தமான்ல டைவிங் சொல்லிக் குடுத்துட்டிருந்தாருங்க."

கடலுக்குள்ளேயே போய் வந்த ஆள்தானா மணல் வேண்டாம் என்கிறான்? குழப்பம் இன்னும் ஒரு சுற்று கூடியது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தான். ஆனால் லாட்ஜில் பட்ட அவமானம் அவனை எழுந்திருக்க விடவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஒண்ணு பண்ணலாமுங்க சார். பாறைய அடியில வைக்க வேண்டாம். ஓரத்துல அக்ரிலிக் கால் நிறுத்தி, அது மேல தூக்கி வெச்சுக் கட்டிரலாம். பாரம் பூராவும் இரும்பு தாங்கற ஓரத்துக்குப் போயிரும். அடியில தெளிவான அக்ரிலிக் ஷீட்டு ஒண்ணு. தப்பித் தவறிப் பாறை உழுந்தாலும் அடிபடறது அந்த ஷீட்டுதானுங்க, கண்ணாடி இல்ல."

உள்ளேயிருந்து உடனே கேள்வி வந்தது.

"நடுவுல தெளிவாத் தெரியுமா அண்ணாச்சி?"

"பளிங்காட்டம் தெரியுமுங்க."

"கண்ணாடி கனம் எத்தன மில்லி?"

"பத்தொம்பதுங்க."

"அப்பாடா! அதையே போடுங்க."

சின்னராஜ் பெருமையோடு நிமிர்ந்தான். தேவியின் முகத்தில் மட்டும் தெளிவு வரவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே மறுபடியும் கேட்டாள்.

"ஒடையவே ஒடையாதில்லீங்கண்ணா?"

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க அம்மணி, ஒடஞ்சா தண்ணி போகும், மீன் போகும், எம் பேரு போகும். ஆரு உசுராச்சும் போயிருமுங்களா?"

தேவி அவனையே பார்த்தாள்.

"ஸ்டாண்டு உள்ளதான் நிக்குது. வந்து அளவு பாத்துட்டுப் போயிருங்க" என்று முன்னால் நடந்தாள்.

இந்தத் துரையிடம் நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பின்னால் போன சின்னராஜ், வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஆள் உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு. அதன் நாலு கால்களுக்கு நடுவே ஒரு கட்டில். கழுத்தில் பட்டையோடு, கை கால் அசைவில்லாமல் மல்லாந்து கிடந்தவனின் கண்கள் மட்டும் அவன் பக்கம் திரும்பின.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி," என்று சிரித்தான் ஜெர்சன். "எனக்கு மீன அடியிலருந்துதான் பாக்க முடியும். கண்ணாடி ஒடஞ்சா நேரா எம் மூஞ்சிலதான் விழும், அதான் அவ இப்படிக் கெடந்து தவிக்கா."